அன்னம்மாளின் பேத்தி நான்சி

திமிரியிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் நம் பெண்மக்களுக்கு லூசி, ஸ்டெல்லா, மார்கரெட் எனப் பெயரிட்டு மகிழ்கிறோம். பொருள் யாதெனக் கேட்டாலோ பெற்றோர் பலரும் விழிப்பர். இவை ஆங்கில உடை அணிந்து வந்த அயல்மொழிப் பெயர்களே. இலத்தீனில் லூசி ஒளியைக் குறிக்கும், ஸ்டெல்லா விண்மீன். கிரேக்கத்தில் மார்கரெட் என்றால் முத்து. ஆகவே நம்மூர் முத்தம்மாளும் மார்கரெட்டும் பெயரளவில் உடன்பிறந்தோரே!

ஆக்னஸ் என்பது கிரேக்கத்தில் தூய்மை. ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதனோடு ஒலியால் ஒத்திருப்பதால், அப்புனிதையின் படங்களில் ஆட்டுக்குட்டியும் இடம்பெற்றுவிட்டது.

அன்னாள் எபிரேயப் பெயர், பொருள் அருள். அதுவே ஆங்கிலத்தில் ஆன் ஆயிற்று. ஆனின் செல்லப்பெயராக நான்சி வழங்கியது. பேத்திக்கு நான்சி எனப் பெயரிட்டதால் பாட்டி அன்னம்மாளின் பெயர் அற்றுப்போயிற்றென வருந்த வேண்டியதில்லை.

நம் முன்னோர் பொருளறிந்தே பெயர்களைத் தமிழாக்கினர். சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பரானார், யோவான் அருளப்பரானார். 1726-இல் தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர், சூசையப்பரை வளன் என்றார். பெண்மக்களுக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பெற்றோர் கிறிஸ்தவப் பெயரிடாவிடில், குரு புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்துத் திருமுழுக்கு ஏட்டில் எழுத வேண்டியிருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அருள்மொழி, முத்தரசி என்றும் தாராளமாகப் பெயரிடலாம்.

ஆயினும் புனிதையின் பெயரைச் சூட்டுவோர் அவர்தம் திருநாளையும் குறித்துவைப்பது நன்று: ஆக்னஸுக்கு ஜனவரி 21, அன்னம்மாளுக்கு ஜூலை 26, லூசிக்கு டிசம்பர் 13.