வைகை கொண்டுவந்த களிமண்

ஆற்றில் இறங்கித் தோண்டினால் களிமண் கிடைக்கும் என்று வைகைக்கரைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆற்றில் கிடப்பது மணல். களிமண்ணுக்குக் கண்மாய்க்குத்தான் போக வேண்டும்.

வருசநாட்டு மலைப்பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழைநீரில் ஊறி ஊறி, பல்லாயிரம் ஆண்டுகளில் நைந்து களியாகிறது. வெள்ளம் அதை மணலோடு சேர்த்து இழுத்து வரும். வேகம் தணிந்ததுமே மணல் ஆற்றில் தங்கிவிடும். களித்துகளோ 2 மைக்ரானுக்கும் சிறியது. அசையாத நீரில்கூட ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளாவது ஆகும். ஓடுகிற ஆற்றில் அது எங்கே படிய? கால்வாய் வழியாகக் கண்மாய்க்குள் போய், தண்ணீர் கட்டிக்கிடக்கும் மாதங்களில்தான் படியும்.

அன்று மானாமதுரை வட்டாரத்தில் இது வெள்ளம் வந்த ஆண்டெல்லாம் நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகிய கண்மாய் சித்திரையில் வற்றித் தரை வெடிக்கும். சம்சாரி கரம்பையை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார். பானை வனையும் வேளார் அதற்கேற்ற இடம் பார்த்து வெட்டுவார். வரத்துக்கால் பக்கம் மண் நறநறக்கும். கரையோரம், மடைப் பக்கம் வழவழக்கும். ஈரமண்ணைத் திரித்து விரலில் சுற்றுவார். விண்டுபோனால் மணல் அதிகம். பிசுபிசுவென்று ஒட்டினால் களி அதிகம், மணல் கலக்காவிட்டால் காயும்போதே பானை கீறும். வெட்டிய குழியை அடுத்த வெள்ளம் நிரப்பும்.

1959இல் வைகை அணை வந்தது. பாசனத்துக்கும் மதுரையின் குடிநீருக்கும் அது செய்ததைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வண்டலில் பெரும்பகுதி அந்த 71 அடித் தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. கீழே வருவது தெளிந்த தண்ணீர், அதுவும் திறந்துவிட்டால்! உள்ளூர் மழை அரித்து வரும் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், இன்று வெட்டுவதெல்லாம் பாட்டன், பூட்டன் காலத்துப் படிவு. வட்டி நின்றுபோய் முதலைத் தின்கிறோம்.

தின்பதும் மட்டுமீறித்தான். வேளாருக்கு வண்டிக்கணக்கு, செங்கல் சூளைக்கு லாரிக்கணக்கு. மண் எடுக்க அனுமதியும் வேண்டும். அதற்கு அலையாய் அலைந்தவர்களுக்கு, 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று அரசு தளர்த்தியது நல்ல காரியம். ஆனால் தானே வெட்டாமல் லோடாக விலைக்கு வாங்குகிற வேளாருக்கு மடைமண்ணும் வரத்துக்கால் மண்ணும் கலந்தே வந்து இறங்கும். விரலில் சுற்றிப் பார்ப்பதெல்லாம் காசு கொடுத்த பிறகுதான்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செய்யும் கடத்துக்கு உலகக் கச்சேரி மேடைகளில் பேர் உண்டு. செங்கல்லுக்கு எந்தக் கண்மாய் மண்ணும் போதும், கடத்துக்குப் போதாது. மடையோர மண்ணில் ஒரு துண்டையாவது லாரி தொடாமல் வேளாருக்கென்று ஒதுக்கிவைத்தால் என்ன?