18 டாலருக்குக் கைமாறிய கண்டுபிடிப்பு: துணி பிழியும் கைப்பொறி மேம்பட்ட கதை

புது தில்லி: துணி துவைப்பதில் கடினமான வேலை எது என்று கேட்டால், சோப்புப் போட்டுத் தேய்ப்பது என்றே பலரும் கூறுவர். நீர் சொட்டும் கம்பளிப் போர்வையை இருவர் இரு முனையில் நின்று எதிரெதிராக முறுக்கிப் பிழிந்த அனுபவம் உள்ளவர்கள், பிழிவதுதான் கடினம் என்பர். வீடுகளில் மின்சார இயந்திரம் வருவதற்கு முன்பு, மணிக்கட்டையும் தோளையும் வருத்திய அந்த வேலையைக் கைப்பிடி சுழற்றும் ஓர் எளிய பொறி ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் 'ரிங்கர்' எனப்படும் அந்தப் பொறி, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு உருளைகளைக் கொண்டது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இதைச் செம்மைப்படுத்த 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது.

பிழிதலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பருத்தித் துணி தன் எடையைவிட அதிகமான நீரை உறிஞ்சக்கூடியது. பிழியாமல் விட்ட நீர் முழுவதும் ஆவியாகித்தான் துணியை விட்டு வெளியேற வேண்டும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் இது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதே ஒரு லிட்டர் நீரை அழுத்தி வெளியேற்ற இதில் மிகச் சிறிய பங்கே போதுமானது. மே மாதத்து நாகபுரியில் இந்தக் கணக்கைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, வெயில் இலவசம். ஜூலை மாதத்து மும்பையிலோ, ஆண்டில் பாதி நாள் குளிர் நிலவும் இங்கிலாந்திலோ சரியாகப் பிழியாத துணி இரண்டு நாளாகியும் காயாது. வாடையும் வீசத் தொடங்கும்.

கற்கள் நிரப்பிய பெட்டி

ஐரோப்பாவில் இதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது 'மேங்கிள்' எனப்படும் பெரிய சாதனம். கற்கள் நிரப்பிய கனமான மரப்பெட்டி ஒன்று, துணி சுற்றிய உருளைகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஒரு கட்டில் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் இச்சாதனம் பெரிய மாளிகைகளுக்கு மட்டுமே ஏற்றதாக இருந்தது. நீரைப் பிழிவதைவிடத் துணியின் சுருக்கத்தை நீக்கி வழவழப்பாக்குவதே இதன் முதன்மைப் பணி. பெட்டி ஒரு முனையை எட்டியதும் அதை நிறுத்தி எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அந்தக் கனத்தை நிறுத்தித் திருப்புவதுதான் ஆளைக் களைப்படையச் செய்தது. கைப்பிடியை ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தாலும் பெட்டி தானாகத் திரும்பி வரும் வகையில் அமைந்த பல்சக்கர ஏற்பாடு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வந்த முக்கிய மேம்பாடு.

பின்னர் பெட்டி போய், வார்ப்பிரும்புச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மர உருளைகள் வந்தன. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் கணவனை இழந்த ஏழைப் பெண்ணுக்கு அண்டை வீட்டார் பணம் திரட்டி மேங்கிள் வாங்கிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அக்கம்பக்கத்துத் துணிகளை உருளையில் விட்டுக் கொடுத்து அவர் பிழைத்துக்கொள்வார். நம் ஊர்களில் தையல் இயந்திரம் வழங்கப்படுவதைப் போன்றது இது.

அழுத்தினால் பொத்தான் உடையும்

உருளைப் பொறி செயல்படும் விதத்தை, சாலையோரக் கரும்புச்சாறு இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால், கரும்பு நசுங்க வேண்டும். துணி நசுங்கக் கூடாது. இந்த ஒரு வேறுபாடுதான் பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலியாக அமைந்தது. மர உருளைகளை நெருக்கினால் நீர் வெளியேறும். கூடவே எலும்பு, சிப்பிப் பொத்தான்களும் தூள்தூளாகும். தளர்த்தினால் பொத்தான் தப்பும். துணியில் நீர் அப்படியே தங்கிவிடும். மேலும், உள்ளே நுழையும் துணியின் தடிமன் ஒரே சீராக இருப்பதில்லை. சட்டையின் கழுத்துப்பட்டையும் தையல் மடிப்பும் வரும்போது உருளைகள் விலக வேண்டும். மெல்லிய பகுதி வரும்போது மீண்டும் நெருங்க வேண்டும்.

முதல் தீர்வு ரப்பரிலிருந்து கிடைத்தது. இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்தன்மையும் கொண்ட பொருளாக மாறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்து, 1844-இல் காப்புரிமை பெற்றார். இந்த ரப்பரைப் போர்த்திய உருளை, பொத்தான் வரும் இடத்தில் உள்வாங்கிக் கொடுத்து, மற்ற இடத்தில் துணியை இறுகப் பற்றியது. மரச் சட்டத்தில் பொருத்தி, திருகுப் பிடியால் துணித் தொட்டியின் விளிம்பிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கைப்பொறி இதன் பிறகே சாத்தியமாயிற்று. பிழிந்த நீர் தொட்டிக்கே திரும்பும் வகையில் சாய்வுப் பலகை ஒன்றும் அடியில் சேர்ந்தது. நீரைச் சுமந்து வந்தவர்களுக்கு அது சிறிய வசதி அன்று.

ரப்பரும் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. உருளையின் நடுவே உள்ள இரும்புத் தண்டைத்தான் கைப்பிடி சுழற்றுகிறது. தடித்த போர்வை சிக்கும்போது தண்டு மட்டும் சுழலும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் ஒட்டு விட்டு அப்படியே நின்றுவிடும். தண்டில் பள்ளங்கள் வெட்டியும், நூலையும் துணியையும் இறுகச் சுற்றி அதன்மேல் ரப்பரை ஏற்றியும் இதைச் சமாளித்தனர்.

பற்கள் விலகிய பல்சக்கரம்

அடுத்த கேள்வி: கைப்பிடி எந்த உருளையைச் சுழற்ற வேண்டும்? தொடக்ககாலப் பொறிகளில் ஓர் உருளை மட்டுமே சுழற்றப்பட்டது. மற்றொன்று, இடையே செல்லும் துணியின் உராய்வால் இழுபட்டுச் சுழன்றது. இதனால் துணியின் ஒரு பக்கம் முன்னே ஓட, மறுபக்கம் பின்தங்கும். நைந்த துணி கிழிந்துவிடும். தண்டைப் பற்றியிருக்கும் ரப்பரும் விரைவில் கழன்றுவிடும்.

இரு உருளைகளையும் பல்சக்கரங்களால் இணைத்து ஒரே வேகத்தில் சுழலச் செய்வதே தீர்வு. இந்த உத்தி இந்தியாவுக்குப் புதியதன்று. பருத்தியிலிருந்து விதையை நீக்க இங்கே பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட கை அரைவைப் பொறியில், இரு மர உருளைகளின் முனையிலும் திருகுமரை வெட்டப்பட்டு, ஒன்றைச் சுற்றினால் மற்றொன்று எதிர்த்திசையில் சுழலும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் பருத்திப் பொறியின் உருளைகள் விலகவே தேவையில்லை. துணி பிழியும் பொறியில் அவை விலகியாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில், அதாவது தடித்த மடிப்பு நுழைந்து அதிக விசை தேவைப்படும் நேரத்தில், பல்சக்கரங்களின் பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும்.

1860-களில் அமெரிக்காவில் பரவலாக விளம்பரம் செய்யப்பட்ட 'யுனிவர்சல்' என்ற கைப்பொறி இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. 'ரோவல்' காப்புரிமை பெற்ற இரட்டைப் பல்சக்கரமும், சக்கரங்கள் ஓர் அளவுக்கு மேல் விலகாமல் தடுக்கும் தடுப்பானும் அதன் சிறப்பு என்று அந்த நிறுவனம் மீண்டும் மீண்டும் விளம்பரப்படுத்தியது. இல்லத்தரசிகளுக்கான இதழ்களில் பல்சக்கரப் பற்களின் நீளம் குறித்து நிறுவனங்கள் சண்டையிட்டுக்கொண்டன என்பதை இன்று நம்புவது சற்றுக் கடினம்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு வில்களிடம் சென்றது. பட்டைவில், சுருள்வில் எனப் பலவகை வந்தன. சட்டத்தின் உச்சியில் உள்ள திருகை இறுக்கினால் அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். வேலை முடிந்ததும் அந்தத் திருகைத் தளர்த்திவிட வேண்டும். மறந்தால் இரவு முழுவதும் அழுந்திக் கிடந்த ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, மறுநாள் பொறி தடதடக்கும். கைப்பிடியின் சுமையைக் குறைக்கச் சிறு சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றும் ஏற்பாடும், நூற்றாண்டின் இறுதியையொட்டி பால் பேரிங்குகளும் சேர்க்கப்பட்டன.

எலன் எக்லின்

இத்தகைய மேம்பாடுகளுக்காக அமெரிக்காவில் ஏராளமான காப்புரிமைகள் பதிவாயின. பெயர் பதிவாகாத ஒருவரின் கதைதான் இன்று அதிகம் நினைவுகூரப்படுகிறது.

எலன் எக்லின், வாஷிங்டன் நகரில் வீட்டு வேலை செய்து வாழ்ந்த கறுப்பினப் பெண். துணி பிழியும் பொறியில் தாம் உருவாக்கிய மேம்பாட்டின் உரிமையை 1888-இல் ஒரு முகவரிடம் 18 டாலருக்கு விற்றார். பெண் கண்டுபிடிப்பாளர்களுக்காக ஷார்லட் ஸ்மித் நடத்திய 'தி உமன் இன்வென்டர்' இதழ் 1890-இல் இச்செய்தியை வெளியிட்டது. இவ்வளவு குறைந்த விலைக்கு விற்றது ஏன் என்ற கேள்விக்கு அவர் அளித்த விளக்கமும் அதில் இடம்பெற்றது. கறுப்பினப் பெண் ஒருவர் காப்புரிமை பெற்ற பொருள் என்று தெரிந்தால் வெள்ளையினப் பெண்கள் அதை வாங்க மாட்டார்கள் என்பதே அவர் கூறிய காரணம்.

சட்டம் அப்போது அவருக்குத் தடையாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அடிமைகளின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்க இயலாது என்று அமெரிக்க அட்டர்னி ஜெனரல் கருத்துரைத்தது 1858-இல். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்து, அந்தத் தடையும் நீங்கியிருந்தது. எக்லின் கணக்கிட்டது சட்டத்தை அன்று, கடைக்கு வருபவரின் மனத்தை. பிறர் வீட்டுத் துணிகளைப் பிழிந்து பிழிந்து பொறியின் குறையை அறிந்திருக்கக்கூடிய ஒருவர், அதே வீடுகளில் அந்தப் பொறி விற்பனையாக வேண்டுமானால் தம் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அடுத்த கண்டுபிடிப்பைத் தம் பெயரிலேயே கொண்டுவர அவர் எண்ணியிருந்ததாகவும் அந்த இதழ் தெரிவித்தது.

கை நின்றால் நிற்கும் பொறி

20-ஆம் நூற்றாண்டில் மின்மோட்டார் வந்தது, கைப்பிடி போயிற்று. அதனுடன் ஒரு பாதுகாப்பும் போயிற்று. கையால் சுழற்றும் பொறியில் விரல் சிக்கினால் சுழற்றுவது நின்றுவிடும். மோட்டாருக்கு வலி தெரியாது. துணியுடன் கையும் முழங்கை வரை உள்ளே இழுக்கப்பட்ட விபத்துகள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு நேர்ந்தவை, பெருகின. அமெரிக்க மருத்துவர்கள் அந்தக் காயத்துக்கு 'ரிங்கர் ஆர்ம்' என்று தனிப் பெயரே வைத்தனர். தட்டினால் உருளைகளின் பிடி உடனே விடுபடும் அவசர விசை இதன் விளைவாகப் பரவலானது. உருளை வைத்த சலவை இயந்திரங்களை அமெரிக்காவின் மேடாக் நிறுவனம் 1983 வரை தயாரித்துள்ளது.

இந்திய வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்தது, இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் 'ஸ்பின்னர்'. சலவைக்கூடங்களில் துணியைச் சுழற்றி நீரகற்றும் பெரிய இயந்திரங்கள் உள்ளன. உருளைக்கு இடையே அழுத்திப் பிழியும் பழைய உத்தி முற்றிலும் மறையவில்லை. ரயில் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் தரை துடைக்கும் ஊழியர்கள் தள்ளிச் செல்லும் வாளியின் மேலே, மாப்பைப் பிழியப் பயன்படும் நெம்புகோல் அழுத்தி அதன் நெருங்கிய உறவுதான்.

மின்சாரம் இல்லாத இடங்களுக்கான கைப்பொறி குறித்த தேடல் அண்மையில் மீண்டும் தொடங்கியுள்ளது. அதன் தொடக்கம் தமிழ்நாட்டில், ஆரோவில் அருகேயுள்ள குயிலாப்பாளையத்தில். டைசன் நிறுவனத்தில் பணியாற்றிய பிரிட்டன் பொறியாளர் நவ்ஜோத் சாஹ்னி, புகை குறைந்த அடுப்புகள் குறித்த பணிக்காக அங்கே தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பெண் திவ்யா கையால் துணி துவைக்கப் படும் பாட்டைக் கண்டார். 2018-இல் 'தி வாஷிங் மெஷின் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கிய அவர், தாம் உருவாக்கிய கைப்பொறிக்குத் 'திவ்யா' என்றே பெயரிட்டார். ஈராக்கில் உள்ள அகதி முகாம் உள்ளிட்ட இடங்களில் இது வழங்கப்பட்டுள்ளது. கையால் துவைப்பதுடன் ஒப்பிட்டால் பாதி நீரும் 75 சதவீதம் வரை நேரமும் மிச்சமாவதாக அந்த அமைப்பு கூறுகிறது.

இதில் உருளைகள் இல்லை. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துளையிட்ட கூடை சுழன்று, நீரை வெளியே வீசுகிறது. எனவே பொத்தானும் ஜிப்பும் நசுங்குவதில்லை. விரல் சிக்கும் இடமும் இல்லை. எனினும் சுழற்சியால் கிடைக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும் மின்சார ஸ்பின்னரின் வேகத்தை மனிதக் கை எட்ட இயலாது. துணி சற்று ஈரமாகவே வெளியே வரும். மிச்சத்தைக் கொடிக்கயிறும் காற்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.