எதிரொலியும் எதிரொளியும்: ஃபியோக்கோ பிடித்த வெளிச்சம்

மாணவர் கட்டுரையில் 'எதிரொலி' வரவேண்டிய இடத்தில் 'எதிரொளி' என்று இருந்தால் உடனே சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். குகைக்குள் கத்தினால் திரும்பி வருவது எதிரொலி. வானத்துக்கு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடித்தால் அது எதிரொளி. ஜோர்ஜோ ஃபியோக்கோ என்ற இத்தாலிய இயற்பியலாளர் தம் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த எதிரொளிக்குத்தான் கொடுத்தார்.

1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். மாணிக்கக் கல்லிலிருந்து வரும் சிவப்பு ஒளி அது. இரண்டே ஆண்டுகளில், 1962 மே மாதம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஃபியோக்கோவும் லூயிஸ் ஸ்முல்லினும் அந்த ஒளியை நிலாவை நோக்கி அனுப்பினார்கள். நிலாவில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய இரண்டரை வினாடி. அனுப்பியது கோடானுகோடி ஒளித்துகள். திரும்பி வந்து மாட்டியது மிகச் சில. ஆனாலும் மாட்டியது!

நிலாவை எட்டிய ஒளி, நடுவில் இருக்கும் காற்றைப் பற்றிச் சொல்லாதா? அங்கேதான் லைடார் வருகிறது. பெயர் புதிதாக இருந்தாலும் வேலை எளிது. மிகச் சிறிய நேரத்துக்கு ஒரு லேசர் துடிப்பை மேலே அனுப்புகிறோம். காற்று மூலக்கூறும் தூசியும் அதைச் சிதறடிக்கின்றன. அதில் துளியளவு கீழே திரும்புகிறது. போய்வர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளி திரும்ப, வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 133 பங்கு நேரம் ஆகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். (இரண்டால் வகுக்க மறப்பவர்கள்தான் அதிகம். போவது மட்டுமில்லை, வரவும் வேண்டும் இல்லையா?)

சரி, 20 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? இங்கேதான் நம் வட்டாரம் கதைக்குள் வருகிறது. 1963இல் பாலித் தீவின் ஆகுங் எரிமலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாம்பல் சீக்கிரம் விழுந்துவிடும். ஆனால் கந்தக வாயு அடுக்கு மண்டலத்துக்குப் போய், கந்தக அமிலத் துளிகளாக மாறியது. அந்த உயரத்தில் மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. அதனால் துளிகள் மாதக்கணக்கில் மிதந்து, உலகைச் சுற்றின. 1964இல் ஃபியோக்கோவும் ஜெரால்டு கிராம்ஸும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து லேசரால் பார்த்தபோது, 20 கிலோமீட்டர் அளவில் எதிரொளி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. தூசியே இல்லாத காற்று தரவேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலியில் கக்கியது பாஸ்டன் பக்கத்து வானத்தில் தெரிந்தது என்றால் சும்மாவா!

தேர்வு எழுதுபவர்கள் இங்கே கவனிக்கவேண்டும். 'ஃபியோக்கோ இந்த அடுக்கைக் கண்டுபிடித்தார்' என்று எழுதினால் தவறு. பலூன் விட்டு அதை முன்பே கண்டவர் கிறிஸ்டியன் யுங்கே. ஃபியோக்கோ செய்தது, தரையில் இருந்தபடியே அதை அளந்தது. கண்டறிதல், அளத்தல், உறுதிப்படுத்தல் மூன்றும் வெவ்வேறு சொற்கள். கருத்துணர்தல் விடையில் மதிப்பெண் போவதே இந்த இடத்தில்தான்.

அவர் சொன்ன எல்லாமே நிலைத்ததா? அதுவும் இல்லை. 1963இல் அவரும் ஸ்முல்லினும் 60 முதல் 140 கிலோமீட்டர் உயரத்தில் சிதறல் அடுக்குகள் தெரிவதாக வெளியிட்டார்கள். பின்னர் மற்றவர்கள் தேடியபோது அவை அப்படித் தெளிவாக அகப்படவில்லை. அத்தனை உயரத்திலிருந்து வரும் ஒளி அவ்வளவு சொற்பம். 20 கிலோமீட்டர் அடுக்கு மட்டும், யார் பார்த்தாலும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் வேலைதான் என்பதைப் பல அறிமுகக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் சுவையான பகுதி.

இத்தாலிக்குத் திரும்பிய பிறகு இன்னொரு சிக்கலை எடுத்துக்கொண்டார். வந்த ஒளி காற்றிலிருந்தா, தூசியிலிருந்தா? எப்படிப் பிரிப்பது? காற்று மூலக்கூறுகள் வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அதனால் அவை திருப்பும் ஒளியின் நிறம் இம்மியளவு விரிந்துவிடும். தூசி கனமானது, மெதுவானது. நிறம் அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டை வைத்து 1971இல் அவர் குழு இரண்டையும் பிரித்துக் காட்டியது. கூடவே காற்றின் வெப்பநிலையும் கிடைத்தது.

பிறகு ரோம் சப்பியென்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ வெடித்தபோது, அதே அமிலத் துளிகள், அதே உயரம், இன்னும் பெரிய அளவு. இந்த முறை உலகின் பல மூலைகளில் லைடார்கள் தயாராக இருந்தன. அந்த எரிமலையின் வானிலை விளைவுகள் பற்றிய ஆய்வுத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் ஃபியோக்கோ. இன்று நம் ஊரில் புகைமூட்டம் வந்தால், புகை எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று அளப்பதும் இதே முறைதான்.