வடலிக்கு யார் காவல்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தம் வளவுக்குள் நிற்கும் பலாவைத் தறிக்க நினைத்தால், கோடரியை எடுக்குமுன் கிராம அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும். காணி அவருடையது, மரம் அவருடைய பாட்டன் வைத்தது. ஆனாலும் பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் அதைச் சாய்க்க முடியாது. 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் காட்டிய வழி இது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றுக்கும் இந்த அனுமதி வேண்டும். மூன்றுமே வயிற்றை நிரப்பும் மரங்கள். மரத்தை விறகாகப் பார்க்காமல் சோறாகப் பார்த்த அந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

உறுத்துவது 'பெண்பனை' என்ற சொல்தான். பாளை விடும்வரை பனை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். சில மண்ணில் இன்னும் கூடுதலாகும். அதுவரை அது வெறும் வடலி. வடலியை வெட்டுகிறவருக்கே தாம் எதை வெட்டுகிறோம் என்று தெரியாது. ஆண்பனையும் சும்மா நிற்கவில்லை. பாளையைச் சீவினால் அதுவும் பதநீர் தரும். அதன் மகரந்தம் இல்லாவிட்டால் பெண்பனையில் நுங்கு ஏது? போரில் ஷெல் பட்டுத் தலையிழந்தவையும், பதுங்குகுழிக்குக் குற்றியாகப் போனவையுமாக எத்தனையோ பனைகளை இழந்த மண் அது. அங்கே நாளைய பனந்தோப்பே வடலிதான்.

வேம்பை வெட்டினால் அடிமரம் தளிர்க்கும், புளியும் தளிர்க்கும். பனைக்கு உயிர் உச்சிக் குருத்தில் மட்டும். வெட்டிய பிறகு எவ்வளவு அபராதம் போட்டாலும் அது திரும்பி வராது. அதனால்தான் வெட்டுமுன் கேட்கும் அனுமதி பனைக்கு இவ்வளவு முக்கியம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 14 அன்று வெளியான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. ஆண், பெண் என்று அது பிரிக்கவில்லை, அது நல்லது. அதற்குள் செங்கல் சூளைகளில் எரிந்துபோன பனைகள் ஏராளம். பட்டா நிலத்துப் பனையை விற்கிறவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மரம் ஏற ஆள் இல்லை, பதநீர் இறக்காத பனையால் அவருக்கு வரும்படியும் இல்லை. தரகரோ வாசலுக்கே வந்து பணம் நீட்டுகிறார்.

அங்கேயோ இங்கேயோ, பனையை வெட்ட அனுமதி கேட்டு மனு வந்ததும் இடத்தைப் பார்க்க வரும் அதிகாரி, அந்த ஊர்ப் பனையேறி ஒருவரையும் கூட அழைத்து வர வேண்டும். எந்த மரம் காய்க்கும், எது பட்டுப்போனது என்று அவருக்குத் தெரியும். வெட்டக் கேட்ட மரத்தைச் சுற்றிப் புதருக்குள் எத்தனை வடலி நிற்கிறது என்றும் அவர் எண்ணிச் சொல்வார்.