வயிற்றுத் தழும்பும் மூட்டு வலியும்

வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அந்த அக்காவுக்கு நாலைந்து கிழமைக்கு ஒருமுறை காய்ச்சல் வரும். குளிர் நடுக்கம், முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி, கைகளில் சிவந்து சீழ்கட்டும் சிறு கொப்புளங்கள். சில நாட்களில் தானாக அடங்கிவிடும். டெங்கு என்றார்கள், சிக்குன்குனியா என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் இரண்டும் இல்லை.

களுபோவில வைத்தியசாலைக்கு நான்தான் கூட்டிச் சென்றேன். முன்பு ஒப்பரேசன் ஏதும் செய்ததா என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னேன். அக்கா இல்லையென்று தலையாட்டினார். படுக்கவைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றில் நீண்ட தழும்பு தெரிந்தது. 2009 இல் ஷெல் பட்டு, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். குடலில் ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள்.

"ஏனக்கா சொல்லேல்லை?"

"எங்க பட்டது, எப்பிடிப் பட்டது எண்டு கேப்பினம், பிள்ளை."

சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த நம்மில் யாருக்கு இது விளங்காது?

இந்த நோய் நன்கு அறியப்பட்டது போர்க் காயக்காரரிடம் அல்ல, அமெரிக்காவில் உடல் பருத்தவர்களிடம். 1960களிலும் 70களிலும் மெலிவதற்கென்று, சுமார் 6 மீற்றர் நீளமான சிறுகுடலில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றரை மட்டும் உணவுப் பாதையில் விட்டு, மிகுதியை ஒதுக்கித் தைத்தார்கள். உடல் மெலிந்தது உண்மைதான். ஆனால் உணவு ஓடாத குடலில், தேங்கிய குட்டையில் பாசி படர்வதுபோல் பற்றீரியாக்கள் பெருகின. அவற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் பற்றீரியாவின் துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் ஓடி, மூட்டிலும் தோலிலும் படிந்து அழற்சியை ஏற்படுத்தின. காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வருத்தமாகிவிட்டது. ஐந்தில் ஒருவர் வரை இப்படி அவதிப்பட்டார்கள். ஈரலும் சிறுநீரகமும் பழுதானதால் 1980 அளவில் அம்முறையைக் கைவிட்டார்கள். (இப்போது செய்பவை வேறு முறைகள். வெளிநாட்டில் அதைச் செய்துகொண்ட தங்கையோ மச்சாளோ இருந்தால், விற்றமின் மாத்திரைகளை விடவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.)

வேறு காரணத்துக்காகக் குடலை வெட்டிப் பொருத்தியவர்களுக்கும், எங்காவது தேக்கம் உண்டானால், இது வரலாம். எல்லா மூட்டு வலியும் இதுவல்ல. ஆனால் தழும்பை மறைத்தால் வைத்தியர் இந்தப் பக்கம் யோசிக்கவே வழியில்லை. அக்காவுக்குத் தோலில் சிறு துண்டெடுத்துப் பார்த்து, சில கிழமைகளுக்கு அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்தால் குடலின் தேக்கத்தைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யவேண்டி வரும் என்றும் சொன்னார்கள்.

அன்றைய வைத்தியசாலைத் துண்டு முகாமில் தொலைந்துவிட்டது. இப்போது கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், "2009, குடல் சத்திரசிகிச்சை" என்று எழுதுவித்து வைத்திருக்கிறார். எங்கே பட்டது என்று எழுதவில்லை. வைத்தியரும் கேட்கவில்லை.