'புரியவில்லை' என்று சொல்லும் உரிமை: மாஸ்கோவின் ஒரு கணித செமினாரை முன்வைத்து

தூய கணிதத்தைப் பேசுபவரற்ற மொழியாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அச்சிட்ட நிரூபணத்தில் 'நான்' கிடையாது. எழுதியவரின் இனமோ பாலினமோ ஊரோ அதில் ஒட்டியிருப்பதில்லை. ஆனால் அந்த நிரூபணம் அச்சுக்குப் போகும் முன் ஏதோ ஒரு பல்கலைக்கழகத் துறையில், கரும்பலகை முன்னால் நின்று ஒருவர் அதைப் பேசியாக வேண்டும். மற்ற எந்தச் சொல்லாடலையும் போல அங்கேயும் அதிகாரம் புழங்குகிறது. கணிதம் எனக்குப் பள்ளியோடு முடிந்துபோன விஷயம். நான் இங்கே பேச முயல்வது கணிதம் பேசப்படும் அந்த அறையைப் பற்றி மட்டுமே.

வழக்கமான செமினார் ஒரு மணி நேரம். கணிதக்காரர்களிடையே ஒரு கேலி உண்டு: முதல் கால் மணி எல்லோருக்கும், அடுத்தது அந்தக் கிளையைச் சேர்ந்தவர்களுக்கு, மூன்றாவது அதே பிரச்சினையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு, கடைசிக் கால் மணி பேசுபவருக்கு மட்டும். பாதிப்பேர் வழி தவறிய பிறகும் யாரும் கையை உயர்த்துவதில்லை. 'புரியலை'ன்னு சொன்னா அது பேச்சின் மீதான விமர்சனமாக எடுத்துக்கொள்ளப்படாது, சொன்னவருடைய தகுதியின்மைக்கான வாக்குமூலமாகிவிடும். துறையின் படிநிலை இந்த மௌனத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மௌனத்தைக் கலைத்த இடமாக மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் கெல்ஃபாண்ட் (1913–2009) நடத்திய செமினாரைச் சொல்லலாம். 1943இல் தொடங்கி, 1989இல் அவர் நாட்டை விட்டுப் போகும்வரை திங்கட்கிழமை மாலைகளில் அது நடந்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர் கெல்ஃபாண்ட். மாஸ்கோவில் சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தவர், பட்டப்படிப்பு இல்லாமலேயே 1932இல் கோல்மொகரோவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அவருடைய செமினாரில் பேச வந்தவர் தயாரித்து வந்ததைச் சொல்லி முடிப்பது அபூர்வம். கெல்ஃபாண்ட் குறுக்கிடுவார். ஆரம்பப் பாடம் போன்ற கேள்விகளைக் கேட்பார். பேச்சாளரை உட்கார வைத்துவிட்டு வேறொருவரை எழுப்பி விளக்கச் சொல்வார். ஒரே பேச்சு பல வாரங்களுக்கு நீள்வதும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது 'சோதனைக் கேட்பாளர்' என்ற ஏற்பாட்டை. கூட்டத்தில் ஒருவரை, பெரும்பாலும் ஒரு இளம் மாணவரை, அவர் தேர்ந்தெடுப்பார். இதுவரை சொன்னது உனக்குப் புரிந்ததா, எங்கே சொல்லு பார்ப்போம் என்பார். மாணவரால் சொல்ல முடியாவிட்டால் பேச்சாளர் மீண்டும் விளக்க வேண்டும். புரியாமைக்கான பொறுப்பு கேட்பவரின் தலையிலிருந்து பேசுபவரின் தலைக்கு மாறுகிறது. அறையில் ஆகக் குறைவாகத் தெரிந்தவர் அந்த அறையின் அளவுகோலாகிறார்.

இதை ஜனநாயகம் என்று கொண்டாடிவிட முடியாது. குறுக்கிடும் உரிமை கெல்ஃபாண்டிடம் இருந்தது. கரும்பலகை முன் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர். 'புரியலை' என்று சொல்ல மாணவருக்குக் கிடைத்த உரிமைகூட ஆசானால் வழங்கப்பட்டது. வழங்கியவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கடுமையானது. இதே துறையின் நுழைவாயிலில் கேள்வி நேரெதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1968இல், கணித தர்க்கவியலாளரும் கவிஞருமான எஸெனின்-வோல்பின் (கவிஞர் செர்கேய் எஸெனினின் மகன்) வலுக்கட்டாயமாக மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டபோது 99 கணிதவியலாளர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். கெல்ஃபாண்டும் அதில் ஒருவர். கையெழுத்திட்டவர்கள் பலர் நெருக்கடிக்கு உள்ளாயினர். 1970களிலும் 80களிலும் யூத மாணவர்களைத் துறைக்குள் விடாமலிருக்க வாய்மொழித் தேர்வில் தனிக் கணக்குகள் வைக்கப்பட்டன. 'சவப்பெட்டிகள்' என்பது அவற்றின் பெயர். விடை சுருக்கமாக, எளிமையாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது தேர்வறையில் ஏறக்குறைய முடியாத காரியம். தேர்வாளர் மீது குற்றம் சொல்லவும் முடியாது. கேள்வி சரியான கேள்வி, விடையும் இருக்கிறது, உனக்குத் தெரியலை, அவ்வளவுதான். நடுநிலையான அறிவின் முகத்தோடு விலக்கல் நடந்தது.

1984இல் இப்படி வெளியேற்றப்பட்ட எட்வர்ட் ஃபிரெங்கல் எண்ணெய்-எரிவாயு நிறுவனத்தில் சேர்ந்து படித்தார். பல்கலைக்கழகத்தின் வேலியை ஏறிக் குதித்து வகுப்புகளையும் செமினார்களையும் கேட்டார். பெல்லா சுபோடோவ்ஸ்கயா என்ற பெண் 1978இல் தன் வீட்டிலேயே, விலக்கப்பட்டவர்களுக்காக வகுப்புகளைத் தொடங்கினார். 'மக்கள் பல்கலைக்கழகம்' என்று அது பின்னால் அறியப்பட்டது. 1982இல் இரவு நேரத்தில் லாரி மோதி அவர் இறந்தார். அது விபத்துதானா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

ஆக, ஒரே துறையில் வாசலில் கேட்கப்பட்ட கேள்வி வெளியே தள்ளியது. செமினார் அறையில் கேட்கப்பட்ட கேள்வி உள்ளே இழுத்தது. வேறுபாடு கேள்வியின் கடினத்தில் இல்லை. பதில் தெரியாதபோது யார் மீண்டும் உழைக்க வேண்டும், அதில்தான் இருக்கிறது. வாசலில் மாணவர், செமினாரில் பேச்சாளர்.

1980களிலும் 90களிலும் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் தமிழில் பேசப்பட்டபோது 'புரியவில்லை' என்ற சொல் ஒருபுறம் வசையாகவும் மறுபுறம் எழுதியவரின் பெருமிதமாகவும் புழங்கியது. இரண்டு தரப்பும் அதை விவாதத்தின் முடிவாகவே வைத்துக்கொண்டன. நம்முடைய கூட்டங்களிலும் ஒரு சோதனைக் கேட்பாளர் இருக்கலாம். கட்டுரை பாதி வாசிக்கப்பட்டதும், முதல் தடவையாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, கேட்டதைத் தன் வார்த்தைகளில் சொல்லட்டும். முடியாவிட்டால் வாசித்தவர் திரும்ப ஆரம்பிக்கட்டும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொருவர் கைக்கு மாற வேண்டும்.