முந்தியோரும் பிந்தியோரும்



விளையாட்டைப் பற்றிப் பேச வந்த நான் ஒரு சிறு பூசலைச் சொல்லித் தொடங்குகிறேன். சென்ற விடுமுறையில் என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். 16 வயதுடைய என் மருமகனும், 7 வயதுடைய அவன் தங்கையும் தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து ‘மரியோ கார்ட்’ என்னும் வீடியோ விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தனர். வண்டிகள் பன்னிரண்டு, சுற்றுகள் மூன்று. கடைசிச் சுற்று முடியும் தறுவாயில் மருமகன் முதலிடத்தில் இருந்தான். தங்கையோ பத்தாம் இடத்தில் இருந்தாள். அவள் கையில் நீலநிற ஆமை ஓடு ஒன்று கிட்டியது. எறிந்தாள். அஃது இடையிலிருந்த வண்டிகளையெல்லாம் கடந்து பறந்து சென்று, அண்ணன் வண்டியின்மேல் விழுந்து வெடித்தது. அவன் நிலைகுலைந்து நிற்க, நான்கு வண்டிகள் அவனைக் கடந்தன. அவள் பத்தாவதாகவே வந்தாள். ஆயினும் கைகொட்டி மகிழ்ந்தாள். அவன் என் பக்கம் திரும்பி, “மாமா, நன்றாக ஓட்டியவனை அடிப்பது நியாயமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அதனை ஆராயப் புகுந்தபோது, இவ்விளையாட்டின் சிறப்பும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை உணர்ந்தேன்.

ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 1990-ஆம் ஆண்டில் ‘எஃப்-ஜீரோ’ என்னும் பந்தய விளையாட்டை வெளியிட்டனர். அதனை ஒருவர் மட்டுமே ஆட இயலும். இருவர் அருகருகே அமர்ந்து ஒருங்கே ஆடத்தக்க பந்தயம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்தில் தொடங்கிய முயற்சியே, 1992-இல் ‘சூப்பர் மரியோ கார்ட்’ ஆக வெளிவந்தது. ஷிகேரு மியாமோட்டோ அதன் தயாரிப்பாளர். திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பகுத்து, ஆளுக்கொரு பாதியை அளித்தனர். கார்ட் என்பது தரையை ஒட்டி ஓடும் சிறு பந்தய வண்டி. அதில் கேலிச்சித்திரத்திற் காணும் மீசைக்காரர் மரியோவும் அவர்தம் தோழரும் பகைவரும் ஏறி வருகின்றனர்.

ஆகவே, வேகத்தினும் கூட்டுறவையே இவ்விளையாட்டு முதலில் நாடியது எனலாம். ஆனால் பழகியவரும் பழகாதவரும் ஒரே பந்தயத்தில் இறங்கினால், அரைச் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். பின்தங்கியவர்க்குச் சலிப்பு, முந்தியவர்க்கும் தனிமை. இதற்குக் கண்ட பரிகாரமே வழியிற் கிடக்கும் பரிசுப் பெட்டிகள். அவை எல்லோர்க்கும் ஒன்றையே வழங்குவதில்லை. முதலில் செல்பவனுக்கு வாழைப்பழத் தோலோ நாணயமோ கிட்டும். கடைசியில் வருபவனுக்கு எதிரிகளைச் சிறுக்கச் செய்யும் மின்னலும், தாக்கப்படாமல் விரைய உதவும் விண்மீனும் கிட்டும். ஓடுபவனின் இடத்தைக் கண்டே உதவி அளக்கப்படுகிறது. ஏழு வயதுச் சிறுமி பதினாறு வயதினனோடு சலிப்பின்றி ஆட முடிவது இதனாலேயே. இதுவே இதன் தலையாய சிறப்பு.

திறமைக்கு இடமில்லை என்று கருதிவிட வேண்டா. எடை குறைந்த ஓட்டுநர் விரைவில் வேகம் பெறுவர். எடை மிகுந்தவர் மெல்லத் தொடங்கினும் முடிவில் மிகு வேகம் எய்துவர். வளைவில் சறுக்கித் திரும்பி உரிய நேரத்தில் விடுவிப்பவனுக்குச் சிறிது உந்துதல் கிட்டும். இவற்றைக் கற்கப் பல நாள் ஆகும்.

இனிக் குறைகளைக் காண்போம். 1992-ஆம் ஆண்டு விளையாட்டில், பொறி ஓட்டும் வண்டிகள் பரிசுக் கட்டங்களைத் தொடாமலே தத்தமக்குரிய ஆயுதங்களை வேண்டியபோதெல்லாம் வீசின. மனிதனுக்கு ஒரு விதி, பொறிக்கு ஒரு விதி என்பது முறையன்று. 2017-ஆம் ஆண்டின் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ பாதையை விட்டு விலகாமல் தானே திருப்பிவிடும் துணையைத் தருகிறது. குழந்தைக்கு நல்லதே, எனினும் அதனை நீக்காமலே ஆடுபவன், விழுந்து எழுந்து கற்கும் பாடத்தை இழக்கிறான்.

நீல ஓடு 1996-இல் ‘மரியோ கார்ட் 64’ விளையாட்டில் அறிமுகமாயிற்று. அதைப் பற்றிய முறையீடே பெரிது. கோல்ஃப் ஆட்டத்திலும் திறன் குறைந்தவர்க்குச் சில அடிகளைக் கழித்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அச்சலுகை ஆட்டம் தொடங்குமுன்னரே இருவர்க்கும் தெரியும். நீல ஓடோ இறுதி வளைவில் வந்து விழுகிறது. பின்தங்கியவனைத் தூக்கிவிடுவது வேறு. முந்தியவனைத் தள்ளிவிடுவது வேறு. முன்னது உதவி, பின்னது பல வேளைகளில் தண்டனை. என் மருமகனின் சினத்தில் உண்மை உண்டு.

எனினும் அவன் மறந்தது ஒன்று. கோப்பைப் போட்டி ஒரே பந்தயத்தோடு முடிவதில்லை. நான்கு பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டியே வெற்றி அறுதியிடப்படுகிறது. முதலிடத்திற்கு 15, இரண்டாமிடத்திற்கு 12, மூன்றாமிடத்திற்கு 10 என அவை இறங்கிவரும். தற்செயல் ஒரு பந்தயத்தைக் கெடுக்கலாம். நான்கையும் கெடுப்பது அரிது. மேலும், ‘சூப்பர் ஹார்ன்’ என்னும் ஊதுகருவியைக் கையில் வைத்திருப்பவன் நீல ஓட்டையும் சிதறடிக்கலாம். தனித்திறனையே அளக்க விரும்புவோர் பொருள்கள் யாவற்றையும் நீக்கியும் பந்தயம் வைக்கலாம்.

ஆதலின் மருமகனுக்கு நான் கூறிய விடை இது: “யார் சிறந்தவர் என்று அறிய வேண்டின், பொருள்களை நீக்கிவிட்டு உன் நிகரான தோழரோடு ஓட்டு. தங்கையோடு மகிழ வேண்டின், நீல ஓட்டையும் ஏற்றுக்கொள். எதற்காக ஓட்டுகிறோம் என்பதை ஓட்டத்திற்கு முன்னரே முடிவு செய்துகொள்.”

அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை மீண்டும் திரையின் முன் இருவரும் அமர்ந்திருக்கக் கண்டேன். முதலிடத்தில் சென்ற அவன், கிடைத்த ஊதுகருவியைச் செலவிடாமல் காத்துவைத்திருந்தான். பின்னாலிருந்து நீல ஓடு வந்தது. ஊதினான், அது சிதறியது. இம்முறை கைகொட்டிச் சிரித்தவர் இருவர்.